சொந்தக் காரணம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் மாமாவும் பெரியவளும் நலம்தானே? மாமாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வேன் ஓட்டுகிறவருக்கு இடுப்புதான் எஞ்சின், அலட்சியமாக விட வேண்டாம் என்று சொல். குட்டிக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. அகப்பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கிறாள். நேற்று என் அலுவலக அட்டையையும் விடவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. "போன்ல நீ ம் கொட்டுற சத்தம்தான் கேக்குது, கடுதாசின்னா ஒழுங்கா உக்காந்து எழுதுவ" என்று சொன்னது நீதான்.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி முதல் நம் கம்பெனியின் எல்லாச் சலவைக்கூடங்களிலும் சம்பள முறை மாறுகிறது. இதுவரை கை ஓயாமல் வேலை செய்கிறவருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறவருக்கும் ஒரே சம்பளம். இனி அடிப்படைச் சம்பளம் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் செய்த வேலைக்குத் தகுந்த ஊக்கத்தொகை. உன்னைப் போன்ற கைவேகக்காரிக்கு லாபம்தான். சோம்பேறிகள் தாங்களாகவே கழன்றுகொள்வார்கள்.

யாரிடமும் சொல்லாதே. இந்தத் திட்டத்தை எழுதியது நான். எட்டு மாத உழைப்பு. தலைமை அலுவலகத்தில் மேலாளர் எல்லோர் முன்னாலும் எழுந்து வந்து கை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் முதலில் உன் நினைவுதான் வந்தது.

உன் ஜோடி நெட்டை அக்காவைக் கேட்டதாகச் சொல். அவர் வாயால் "ஆபீசரே" என்று கேட்டு நாளாயிற்று.

உன் தம்பி


ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் வீட்டுக்காரியும் குட்டியும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். உன் மாமா இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார், குனிந்து செருப்பை எடுக்கச் சொன்னால் ஆளையே காணோம்.

மேலாளர் கை கொடுத்தார் என்பதை இரண்டு முறை படித்தேன். அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, நீ சொன்னபடி.

நீ எங்கள் கூடத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் சொல்கிறேன், குத்தமாக எடுத்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி விரிப்புகள் துவைத்து ஈரமாக வரும். அவற்றைக் காயவைத்துத் தேய்க்கிற உருளை மெஷினுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும். நான் இடப்பக்கம், நெட்டை வலப்பக்கம். ஆளுக்கொரு முனை பிடித்து ஒரு உதறு, ஒரு இழு, உருளைக்குள் விடு. பதினோரு வருஷமாக இதுதான். வேலைக்காக நாங்கள் பேச வேண்டியதே இல்லை. அதனால்தான் நாள் முழுக்க ஊர்க்கதை பேசுகிறோம்.

நேற்று சூப்பர்வைசர் உன் தாளை வாசித்தார். ஜோடி ஜோடியாக எண்ணுவார்களாம், உருளைக்குள் போன விரிப்புக்குத்தான் கணக்காம். நெட்டைதான் வாயைத் திறந்தாள். "கறை போகாம வர்றதைத் திருப்பி அனுப்புறோமே, அது எந்தக் கணக்குல சார் வரும்?"

அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அது இதுல இல்லம்மா."

"அப்ப நோயாளி கறையிலயே படுக்கட்டும்ங்கிறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அதையும் தாளில் சேர்க்க முடியுமா என்று பாரேன். அவள் ஒரு விரிப்பையும் வெளிச்சத்தில் பார்க்காமல் விடமாட்டாள்.

அக்கா


மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

நலமா? பதிலே இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். குட்டிக்கு இருமல் என்று போனில் சொன்னாயே, சரியாகிவிட்டதா?

நுழைகிற இடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். பதினோரு ஜோடியில் நாங்கள் ஒன்பதாவது. பச்சை எழுத்தில் ஆறு, சிவப்பில் ஐந்து. காலையில் கும்பிடு போடுகிற மாதிரி எல்லோரும் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். டீ குடிக்க யாரும் எழுந்திருப்பதில்லை. முன்பெல்லாம் யாருக்காவது மெஷினில் துணி சிக்கினால் பக்கத்து ஜோடி ஓடிவரும். இப்போது தலையைக்கூடத் திருப்புவதில்லை. திருப்பினால் அந்த நேரத்துக்கு இரண்டு விரிப்பு போச்சு.

மடிப்பு மேசையில் இருந்த அக்கா தங்கை இருவரும் நின்றுவிட்டார்கள். அவர்கள் மெதுவானவர்கள்தான். ஆனால் நேற்று பாட்டுக்காரியும் நின்றுவிட்டாள். பாடிக்கொண்டே வேலை செய்வாளே, அவள். பலகையில் இரண்டாவது ஜோடி. ஏன்டி என்று கேட்டேன்.

"எதிர் மெஷின்காரி என்னைப் பார்க்கிற பார்வை தாங்கல. ஒரே டப்பால சாப்பிட்டவங்க நாங்க. அவ வாயிலிருந்து பிடுங்குற மாதிரி இருக்கு. வேற இடத்துல கூப்பிடுறாங்க, போறேன்" என்றாள்.

நெட்டைக்கு இந்த நீராவியில் மூச்சு வாங்குகிறது. சிரித்துச் சமாளிக்கிறாள். "பாதி நேரம் நான் மெஷின், பாதி நேரம் நீ மெஷின்" என்கிறாள். அவளுடைய பாதி இப்போது கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது.

உன் மாமா வேன் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் சொல்லிவிட்டார். கவலைப்படாதே, ஏதாவது உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். குட்டிக்கு இருமல் போய்விட்டது. மாமாவின் செய்தி மனசைச் சங்கடப்படுத்தியது. இந்த வயதில் சும்மா உட்கார்வது வலியைவிடக் கஷ்டம். அவரைத் தனியாக விடாதே.

எல்லாக் கூடங்களிலும் வேலை கூடியிருக்கிறது. மேலாளருக்கு மிகுந்த திருப்தி. தொடக்கத்தில் சிலர் போவது எதிர்பார்த்ததுதான், அது நல்லதும்கூட. பாட்டுக்காரி போன்றவர்கள் விதிவிலக்கு. கறை விஷயம் என் நினைவில் இருக்கிறது. அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜோடி சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளத் திட்டத்திலேயே வழி வைத்திருக்கிறேன். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். பெயர் வெளியே தெரியாது. பொதுவாகச் சொல்கிறேன், தெரிந்து வைத்துக்கொள்.

அவசரத்தில் முடிக்கிறேன். நெட்டை அக்காவைக் கேட்டதாகச் சொல். பெரியவளின் நர்சிங் படிப்பு எப்படிப் போகிறது?

உன் தம்பி


மே 30

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். ரொம்ப நாள் எழுதவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

பெரியவளுக்கு இந்த வருஷத்துக் கட்டணம் கட்டியாகிவிட்டது. உன் மாமாவுக்கு மருந்துக்கடையில் கல்லாவில் உட்காரும் வேலை கிடைத்திருக்கிறது, அரை நாள்தான். பலகையில் நான் இப்போது மூன்றாவது ஜோடி. பச்சை எழுத்து. உன் திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது.

புது ஜோடி ஒரு சின்னப் பெண். இருபத்திரண்டு வயது. சிட்டு என்று கூப்பிடுகிறோம். கை பறக்கிறது. பேச்சே கிடையாது. நெட்டை வேலையை விட்டுவிட்டாள், சொந்தக் காரணம்.

வெயில் அதிகம். குட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்கு வேலை கிடைத்ததில் நிம்மதி. நீ மூன்றாவது இடம் என்று படித்ததும் என் வீட்டுக்காரியிடம் காட்டினேன்.

ஆனால் நெட்டை அக்கா போய்விட்டார் என்பதை அரை வரியில் எழுதியிருக்கிறாய். பதினோரு வருஷம் எதிரும் புதிருமாக நின்றவர்கள். என்ன சொந்தக் காரணம்? மூச்சு அதிகமாகிவிட்டதா? இப்போது எங்கே இருக்கிறார்? நீ போய்ப் பார்க்கிறாயா? என் கல்யாணத்தில் பந்தி பரிமாற ஆள் போதாமல் நான் விழித்தபோது, "ஆபீசரே, மாப்பிள்ளை ஓடுற ஓட்டமா இது, போய் உக்காருங்க" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டவர். கேட்டதாகச் சொல்.

எல்லாக் கூடங்களிலிருந்தும் போனவர்களின் படிவங்களும் ஜோடி மாற்றச் சீட்டுகளும் அடுத்த வாரம் என் மேசைக்கு வருகின்றன. யார், ஏன் போகிறார்கள் என்று நான் அறிக்கை எழுத வேண்டும். வந்தவர்களைவிடப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று மேலே கேட்கிறார்களாம்.

பதில் போடு.

உன் தம்பி


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? மாமாவும் பெரியவளும் நலமா?

குட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இங்கே மழை. மாமாவின் இடுப்புக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பண்ணித் தேய்க்கச் சொல். வேலையெல்லாம் வழக்கம்போல்தான். வேறு விசேஷம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

உன் தம்பி


ஆகஸ்ட் 17

அன்புத் தம்பிக்கு,

நலம். தைலம் வந்தது. உன் மாமா அதைத் தேய்த்துக்கொண்டு வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்.

உன் போன கடிதம் ஒன்பது வரி. அதில் நெட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நீ அவளைக் கேட்காமல் ஒரு கடிதம் எழுதியதில்லை. படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சீட்டுகள் உன் மேசைக்கு வந்துவிட்டன. என்னுடையதை நீ பார்த்துவிட்டாய்.

ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் கடைசியில். உன் மாமா வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கட்டணத்துக்கு ஒரு மாதம்தான் பாக்கி. எங்கள் ஜோடி பத்தாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. இதெல்லாம் சொன்னால் காரணம் மாதிரிதான் இருக்கிறது. 'பெயர் வெளியே தெரியாது' என்று நீ எழுதிய வரியை நாலு தரம் படித்தேன். அப்புறம் போய்ச் சீட்டு வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் 'மெதுவாக இருக்கிறார்' என்று எழுதினேன். இரண்டே வார்த்தை.

உத்தரவு வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அவளோடு பேசினேன், சிரித்தேன். உத்தரவு வந்தபோது வேறு யாரும் அவளை ஜோடியாக எடுத்துக்கொள்ள முன்வரவில்லை. அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் வந்தாள். நாலாம் நாள் வரவில்லை. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று உள்ளேயே இருந்தேன்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வலது தோள் பிடித்துக்கொண்டு கை மேலே எழும்பாமல் போயிற்று. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அவள் தன் முனையைப் பிடித்து உதறுகிற உதறலிலேயே என் பக்கமும் விரியும்படி செய்தாள். நான் சும்மா தொட்டுக்கொண்டு நிற்பேன். ஐந்து மாதம். ஒரு நாள்கூட "இன்னிக்கு எப்படி இருக்கு" என்பதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

இன்னொன்று. கூடத்தில் உன்னைத் திட்டாத நாள் இல்லை. யார் என்று தெரியாமல்தான் திட்டுகிறார்கள். "இதை எழுதினவன் ஒரு பெட்ஷீட்டாவது உதறியிருப்பானா" என்று நெட்டைதான் ஆரம்பித்து வைத்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நீ என் தம்பி என்று சொல்லவும் இல்லை, திட்டாதீங்க என்று சொல்லவும் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நேற்று சிட்டு என்னிடம் வந்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டே, "அக்கா, நான் ஜோடி மாத்திக் கேட்டிருக்கேன். உங்க கை முன்ன மாதிரி இல்ல. முதுகுக்குப் பின்னாடி செய்ய மனசு வரல, அதான் சொல்றேன்" என்றாள்.

அவள் சொன்னது நிஜம். தோள் திரும்பவும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லையே என்றுதான் இருந்தது. "சரி கண்ணு, நல்லது" என்றேன். அவள்தான் அழுதாள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது? முதலில் டாக்டரிடம் போ. மற்றதெல்லாம் அப்புறம்.

பார்த்தேன். ஜூன் 26ஆம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். சீட்டில் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எழுத்தைப் பார்த்துவிட்டேன். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த எழுத்து அது. எனக்கு அடையாளம் தெரியாதா? அதை அடியில் வைத்து மற்றவற்றை மேலே அடுக்கினேன். ஒரு மாதம் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. வழியைக் காட்டியதே நான்தானே என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அறிக்கையை எழுதி முடித்தேன். உங்கள் கூடத்தில் அறுபத்து நாலு பேரில் இருபத்து மூன்று பேர் போய்விட்டார்கள். முதலில் மெதுவானவர்கள். அடுத்து, நெட்டை அக்கா மாதிரி, கறையைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர்கள். அப்புறம் கை வேகமானவர்களே போக ஆரம்பித்துவிட்டார்கள். வேகமான கை எங்கே போனாலும் விலை போகுமே. புதிதாக வருகிறவர்கள் மூன்று மாதம் தாங்குவதில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து புகார் வருகிறது. இருபத்து மூன்று படிவத்திலும் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்றே இருக்கிறது. நெட்டை அக்காவின் தாளிலும்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "போனவங்க இடத்துக்கு ஆள் கிடைக்குதா?" என்றார். கிடைக்கிறது சார் என்றேன். "அப்ப என்னப்பா பிரச்சினை?"

சொல்வதற்கு எனக்குப் பதில் இருந்தது அக்கா. சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஜனவரிக் கடிதத்தில் ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டேன். இந்தத் திட்டம் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் என் சம்பளத்திலும் ஒரு பங்கு. எனக்கும் ஒரு பலகை இருக்கிறது, சுவரில் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

உன்னைச் சாமான் அறைக்கு மாற்றச் சொல்லி என்னால் எழுத முடியும். உட்கார்ந்து செய்கிற வேலை. சரி என்று ஒரு வரி போடு. நெட்டை அக்காவின் விலாசமும் வேண்டும். நான் அவருக்கு எழுத வேண்டும்.

தம்பி


அக்டோபர் 12

அன்புத் தம்பிக்கு,

நலம். தோளுக்கு ஊசி போட்டார்கள், இப்போது தலை வாரிக்கொள்ள முடிகிறது. குட்டி நடக்கிறாள் என்று உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள். மேசை முனைகளில் துணி சுற்றி வை.

சாமான் அறை வேண்டாம். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாசலில் நுழைய என்னால் ஆகவில்லை. போன மாதக் கடைசியில் நின்றுவிட்டேன்.

படிவத்தில் 'என் ஜோடியை நானே அனுப்பிவிட்டேன்' என்று எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கும்மா, சொந்தக் காரணம்னு போட்டுட்டுப் போங்க" என்று வேறு தாள் கொடுத்தார். அதிலும் அதையே எழுதினேன். மூன்றாவது தாளில் அவரே எழுதிக்கொண்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், அவரோடு எதற்கு மல்லுக்கட்ட என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன் மேசைக்கு இருபத்து நாலாவது சொந்தக் காரணமாக வரும். அது நான் என்று தெரிந்துகொள்.

இப்போது ஒரு சின்ன இஸ்திரிக் கடையில் இருக்கிறேன். தெருவைப் பார்த்த மேசை. நான் மட்டும்தான். நாள் சம்பளம். வேலை குறைவு, காசும் குறைவு. சட்டையின் ஒரு முனையை எடுத்தால் மறு முனையும் என் கையிலேயே இருக்கிறது. அது இன்னும் பழகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நெட்டையைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி. இந்த மூச்சை வைத்துக்கொண்டு அவள் எப்படி ஏறுகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அவள்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். உயரம் மட்டும் அப்படியே. கதவை விட்டு விலகி நின்று, "உள்ள வா" என்றாள்.

தண்ணீர் கொடுத்தாள். பெரியவளைக் கேட்டாள், உன் மாமாவைக் கேட்டாள். இரண்டு வீட்டில் துணி மடித்துக் கொடுக்கிறாளாம். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும். உத்தரவு வந்த அன்னிக்கே தெரியும். எனக்கு எதிர்ல நின்ன ஆள் நீ ஒருத்திதானே. சீட்டு கொடுத்தது கூடப் பரவாயில்ல. வீட்டுல அடுப்பெரியணும், எனக்குப் புரியாதா? அதுக்கப்புறம் ஒரு வாரம் பக்கத்துல நின்னு என்கூடச் சிரிச்சுப் பேசினே பாரு, அதை நினைச்சாத்தான் தாங்கல. அதுக்கு முந்தி சிரிச்சதெல்லாம் எதுன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

பதினோரு வருஷமும் நிஜம்தான் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு, திட்டத்தை எழுதியது என் தம்பி என்றும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒளிப்பதற்கு இனி எனக்குத் தெம்பு இல்லை.

"ஆபீசரா?" என்றாள். எழுந்து போய்ச் சன்னலைத் திறந்துவிட்டாள். அப்புறம் கேட்டாள், "அவருக்குக் குழந்தை பொறந்துச்சே, நல்லா இருக்கா?"

நடக்கிறாள் என்றேன். "நடக்கட்டும்" என்றாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "உன்மேல வருத்தம் வச்சுக்கக் கூடாதுன்னுதான் இருக்கேன். ஆனா உன்னைப் பார்த்தா முடியல. நல்லா இரு. இனிமே வராதே" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

விலாசம் கேட்டிருந்தாய். அனுப்பப் போவதில்லை தம்பி. நீ எழுதினால் அவள் பதில் போடுவாள். வருத்தத்தை உள்ளே வைத்துக்கொண்டு, எப்படி இருக்கீங்க ஆபீசரே என்றுதான் எழுதுவாள். அதை நீ வாங்கிப் படிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் ஒரு தடவை குட்டியைத் தூக்கிக்கொண்டு வா.

அக்கா